ஈடிபஸைக் கட்டுடைக்கலாமா? பின்நவீனத்துவமும் துன்பியல் நாடகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோஃபாக்ளிஸின் ஈடிபஸ், ஆன்டிகனி, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், லியர் என்று துன்பியல் நாடகங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் வசதி, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

பின்நவீனத்துவ வாசிப்புன்னா என்னங்க? எளிமையா சொல்லுங்க.

ஒரு நாடகத்துக்கு ஒரே ஒரு சரியான அர்த்தம்தான் உண்டு, அதைப் பெரியவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள் என்று நம்பிவிடாமல் படிப்பது. பிரதியில், அதாவது எழுதப்பட்ட நாடகத்தில், யார் பேச்சு எடுபடுகிறது, யார் பேச்சு அமுங்கிப் போகிறது, கதை எந்த இடத்தில் தனக்குத்தானே முரண்படுகிறது, அந்த முரணை நாம் இத்தனை காலம் ஏன் கவனிக்காமல் கடந்து போனோம் என்று கேட்டுக்கொண்டே போவது.

பெருங்கதையாடல்கள் மீது, அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடும் பெரிய பொதுக்கதைகள் மீது, நம்பிக்கை போய்விட்ட நிலை என்று 1979இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் பின்நவீனத்துவத்தைப் பற்றி எழுதினார். துன்பியலுக்கும் அப்படிச் சில பெருங்கதையாடல்கள் உண்டு. விதியை வெல்ல முடியாது, மாவீரனிடம் உள்ள ஒரு குறை அவனை வீழ்த்துகிறது, கடைசியில் ஒழுங்கு திரும்பிவிடுகிறது, இவை மூன்றும்தான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். இவை பொய் என்று யாரும் சொல்லவில்லை. நாடகத்தைத் திறப்பதற்கு முன்பே இவற்றை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாடகத்தில் பாதி கண்ணில் படாது, அதுதான் சிக்கல். கட்டுடைப்பு இந்த வாசிப்புக்குள் வரும் ஒரு முறை; பிரதி தனக்குள் முரண்படும் இடத்தைப் பிடித்து அதன் அர்த்தத்தைப் பிரித்துப் பார்ப்பது, தெரிதா முன்வைத்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் அதிகாரம் பற்றிய விசாரணை இன்னொன்று.

கிரேக்க நாடகம் 2,400 வருஷத்துக்கு முந்தையது. பின்நவீனத்துவம் நேத்து வந்தது. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடணும்?

நியாயமான கேள்வி, ஆனால் முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. அர்த்தத்தைத் தீர்மானிப்பது ஆசிரியர் இல்லை, வாசகர் என்று சொல்லும் ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரையை முடிக்கும்போது பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் எதை உதாரணமாகக் காட்டுகிறார் தெரியுமா? கிரேக்கத் துன்பியலை. கிரேக்க ஆய்வாளர் வெர்னானின் ஆய்வைச் சுட்டி அவர் சொல்வது இது: துன்பியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு முகம், பாத்திரங்கள் ஆளுக்கு ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அழிகிறார்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்பவர் ஒருவர் மட்டுமே, அவர் பார்வையாளர். வாசகனை நடுவில் கொண்டுவந்து நிறுத்திய கட்டுரை தன் சான்றை ஏதென்ஸ் அரங்கிலிருந்து எடுத்திருக்கிறது.

அப்புறம் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸைப் பாருங்கள். அவருக்கு முந்தைய ஈஸ்கிலஸின் நாடகத்தில் எலக்ட்ரா தன் தம்பி திரும்பி வந்துவிட்டதை ஒரு முடிக்கற்றை, ஒரு காலடித் தடம், அவள் நெய்த ஒரு துணி ஆகியவற்றை வைத்துத் தெரிந்துகொள்கிறாள். யூரிப்பிடிஸ் அதே காட்சியை எடுத்து, கிழவர் ஒருவர் அதே அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவருடைய எலக்ட்ரா ஒவ்வொன்றையும் மறுப்பது போல எழுதினார். பாறைத் தரையில் தடம் எப்படிப் பதியும்? ஆண் காலும் பெண் காலும் ஒரே அளவா இருக்கும்? சின்ன வயதில் போட்ட துணியை இப்போதும் எப்படிப் போட்டிருப்பான், உடம்போடு துணியும் வளர்ந்ததா? முந்தைய பிரதியை மேடையிலேயே குறுக்கு விசாரணை செய்கிறாள். அதே ஆசிரியர் கி.மு. 412இல் ‘ஹெலன்’ எழுதினார், அதில், டிராய் போருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, போனது அவளைப் போல ஒரு மாய உருவம். அப்படியானால் பத்து வருடப் போர் எதற்கு? இதைவிடப் பெரிய அவநம்பிக்கையை இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்துவிடவில்லை.

முதல்ல எதைப் படிக்கணும், கோட்பாடா நாடகமா?

நாடகம்தான், சந்தேகமே வேண்டாம். ‘ஈடிபஸ் மன்னன்’, ‘ஆன்டிகனி’, ‘மீடியா’, ‘ஹாம்லெட்’, ‘லியர் அரசன்’ ஐந்தும் போதும். கோட்பாட்டை முதலில் படித்தவர்கள் நாடகத்தில் கோட்பாட்டைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஈடிபஸ் அவங்க அப்பாவைக் கொல்லவே இல்லைன்னு யாரோ எழுதியிருக்காங்களாமே, நிஜமாவா?

நிஜம்தான். முதலில் ‘ஈடிபஸ் மன்னன்’ கதை: அப்பாவைக் கொன்று அம்மாவை மணப்பான் என்பது அசரீரி; தீபஸின் முந்தைய மன்னர் லாயுஸைக் கொன்றது யார் என்று விசாரிக்கும் ஈடிபஸ், தானே அவர் மகன், தானே கொன்றவன் என்ற முடிவுக்கு வருகிறான். சாண்டர் குட்ஹார்ட் 1978இல் ஒரு கட்டுரை எழுதினார், ஃபிரெடரிக் ஆல் 1991இல் ஒரு புத்தகமே எழுதினார். இருவரும் பிடித்துக்கொண்டது பிரதியில் எல்லோர் கண் முன்னும் கிடக்கும் ஒரு விஷயத்தை. லாயுஸ் மன்னர் கொல்லப்பட்டபோது தப்பி வந்தவன் ஒரே ஒருவன். அவன் சொன்னது, “கொள்ளையர்கள், பல கைகள்”. ஈடிபஸின் மைத்துனன் கிரயோன் இதைப் பன்மையில் சொல்கிறான். அடுத்த வரியிலேயே ஈடிபஸ் “அந்தக் கொள்ளையன் எப்படித் துணிந்தான்?” என்று ஒருமையில் கேட்கிறான். யாரும் திருத்துவதில்லை. பிறகு பயம் பிடித்ததும் அவனே இந்தக் கணக்கில் தொங்குகிறான்: சாட்சி இப்போதும் பலர் என்று சொன்னால் நான் கொலைகாரன் இல்லை, ஒருவன் பலருக்குச் சமமாக முடியாது. லாயுஸின் மனைவியாக இருந்து இப்போது ஈடிபஸின் மனைவியான ஜொகாஸ்டாவும் உறுதியாகச் சொல்கிறாள், பலர் என்றுதான் சொன்னான், ஊரே கேட்டது என்று. இன்னொன்றும் உண்டு. மூன்று பாதைகள் கூடும் இடத்தில் எல்லோரையும் கொன்றுவிட்டதாக ஈடிபஸ் சொல்கிறான், ஆனால் லாயுஸுடன் போனவர்களில் ஒருவன் உயிரோடு இருக்கிறானே!

சரி, அந்தச் சாட்சியை வரவழைக்கிறார்கள். அதற்குள் கொரிந்திலிருந்து தூதன் வந்துவிடுகிறான், பேச்சு முழுக்க, முன்பு கைவிடப்பட்ட ஒரு குழந்தை (ஈடிபஸ்தான்) பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தச் சாட்சியும், குழந்தையைக் கொடுத்த கிழட்டு இடையனும் ஒரே ஆள்தான். அவன் வந்து நிற்கும்போது, கையைப் பின்னால் முறுக்கி மிரட்டி, கேட்கும் கேள்வி எல்லாம் அந்தக் குழந்தையை யாருக்குக் கொடுத்தாய் என்பதே. எத்தனை பேர் கொன்றார்கள் என்ற கேள்வி, அவனைக் கூப்பிட்டதே எதற்காகவோ அந்தக் கேள்வி, கடைசி வரை கேட்கப்படவே இல்லை. ஈடிபஸ் தன் பிறப்பைத் தெரிந்துகொண்ட கணத்தில் கொலையையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறான்.

இலக்கியக் கோட்பாட்டாளர் ஜொனதன் கல்லர் இங்கிருந்து ஒரு படி மேலே போனார். சம்பவம் நடந்தது, அதிலிருந்து அர்த்தம் வந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே தலைகீழ். அசரீரி சொல்லிவிட்டது, மகன் என்பது உறுதியாகிவிட்டது, கதை முழுமையாக வேண்டுமென்றால் அவன் அப்பாவைக் கொன்றிருந்தே ஆக வேண்டும், ஆகவே கொன்றான். சாட்சியம் கொடுக்காத தீர்ப்பை அர்த்தம் கொடுத்துவிடுகிறது. எனக்கு இந்த வாசிப்பு அவ்வளவு பிடிக்கக் காரணம், நாடகத்துக்கு வெளியிலிருந்து இதற்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

அப்போ யார் வேணும்னாலும் என்ன அர்த்தம் வேணும்னாலும் சொல்லிக்கலாம், அப்படித்தானே?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறார்கள். மேலே உள்ள பதிலை இன்னொரு முறை பாருங்கள். ஒருமை, பன்மை, கேட்காமல் விட்ட கேள்வி, எல்லாமே வரியைச் சுட்டிக் காட்டக்கூடியவை. ‘ஈடிபஸ் ஒரு விண்வெளிவாசி’ என்று ஒருவர் சொன்னால் எந்த வரி என்று கேட்பேன். அவரிடம் பதில் இருக்காது, பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அர்த்தம் பல என்பதற்கும் அர்த்தம் எதுவானாலும் சரி என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. வரிகளை மிக நெருக்கமாகப் படிப்பதுதான் இந்த வாசிப்பின் பலமே. அதைச் செய்யாமல் ‘எல்லாமே சார்புநிலை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியன் செத்துட்டான்னா சோஃபாக்ளிஸோ ஷேக்ஸ்பியரோ என்ன நினைச்சு எழுதினாங்கங்கிறதுக்கு மதிப்பே கிடையாதா?

மதிப்பு உண்டு, கடைசித் தீர்ப்பு என்ற இடம் மட்டும் கிடையாது. அந்தக் காலத்தின் சட்டம், சடங்கு, அரங்கம் எல்லாம் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் ‘ஆசிரியர் எழுதியது’ என்று நாம் கையில் வைத்திருப்பது எது என்றே பல சமயம் தெளிவில்லை. ‘லியர் அரசன்’ 1608இல் ஒரு விதமாகவும் 1623இல் இன்னொரு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. முதல் அச்சில் உள்ள சுமார் 300 வரிகள் பின்னதில் இல்லை, பின்னதில் உள்ள சுமார் 100 வரிகள் முதலில் இல்லை.

அந்த வித்தியாசம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இறந்துபோன தன் மகள் கார்டீலியாவின் உடலைக் கையில் வைத்துக்கொண்டு லியர் சாகும் இடம். 1608 அச்சில் அவர் வெறுமனே முனகுகிறார், பிறகு ‘வெடித்துவிடு நெஞ்சே’ என்று தன் இதயத்தைக் கேட்டுக்கொள்கிறார். 1623 அச்சில் அந்த நெஞ்சு வரி லியரின் விசுவாசியான கென்ட்டுக்குப் போய்விடுகிறது. லியரோ, அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்று சொல்லியபடி சாகிறார். மகள் மூச்சு விடுகிறாள் என்று நம்பிச் செத்தாரா, எந்த நம்பிக்கையும் இல்லாமல் செத்தாரா? உலகத்தின் மிகப் பெரிய துன்பியல் முடிவுகளில் ஒன்று, அதற்கே இரண்டு பிரதி. நாடகத்தின் கடைசி வார்த்தைகளைப் பேசுவது யார் என்பதுகூட மாறுகிறது, ஒன்றில் ஆல்பனி, ஒன்றில் எட்கர். 1986இல் வந்த ஆக்ஸ்ஃபர்டு பதிப்பு இரண்டையும் கலக்காமல் தனித்தனி நாடகங்களாகவே அச்சிட்டது. அது சரியான முடிவு என்பது என் கருத்து.

மாத்தி எழுதுறது எப்பவுமே நடந்ததுதானே? லியருக்கு நல்ல முடிவுகூட எழுதினாங்களே, அதுவும் பின்நவீனத்துவமா?

நேஹம் டேட் 1681இல் செய்தது. கார்டீலியா பிழைத்து எட்கரை மணக்கிறாள், லியருக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. சுமார் 150 ஆண்டுகள் ஆங்கில மேடையில் அந்த லியர்தான் ஓடினார். அதைப் பின்நவீனத்துவம் என்று சொல்ல முடியாது, நேர் எதிர் என்றுகூடச் சொல்வேன். முதல் பதிலில் சொன்ன ‘ஒழுங்கு திரும்புகிறது’ கதையாடல் ஷேக்ஸ்பியரிடம் போதுமான அளவு இல்லை என்று கொண்டுவந்து ஒட்டினார்கள். பின்நவீனத்துவ மறு எழுத்து ஓட்டையை அடைக்காது, அதன் வழியாகவே உள்ளே நுழையும்.

ஃபூக்கோ ஈடிபஸ் பத்தி என்ன சொன்னார்? ஃப்ராய்டு சொன்னதேதானா?

இல்லை, இந்தக் கதையில் மகனுக்குத் தாய் மேல் உள்ள மறைந்த ஆசையைப் பார்த்த ஃப்ராய்டை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பேசினார். 1973இல் ரியோ டி ஜெனிரோவில் நிகழ்த்திய உரைகளில் இந்த நாடகத்தை ஒரு புலன்விசாரணையாகப் படித்தார். உண்மை பாதி பாதியாக வந்து பொருந்துகிறது. முதலில் தெய்வத்தின் மட்டத்தில் அசரீரி சொல்லும் கடவுள் அப்போலோவும் கண்ணில்லாத தீர்க்கதரிசி டைரீசியஸும், அடுத்து அரண்மனை மட்டத்தில் ஜொகாஸ்டாவும் ஈடிபஸும், கடைசியாக வேலைக்காரர்கள் மட்டத்தில் கொரிந்துத் தூதனும் தீபஸ் இடையனும். தெய்வம் வருங்காலமாகச் சொன்னதையே ஓர் அடிமை, தான் பார்த்ததன் நினைவாகச் சொல்லி முடிக்கிறான். ஊரில் எல்லாம் தெரிந்தவன் நான், தீர்ப்பு சொல்பவனும் நான் என்றிருந்த மன்னனுக்கு நடுவில் இடமே இல்லாமல் போகிறது.

இதைப் படித்த பிறகு அந்த இடையன் எனக்கு வேறு ஆளாகத் தெரிய ஆரம்பித்தான். புது மன்னனை அரியணையில் பார்த்ததுமே ஜொகாஸ்டாவின் கையைப் பிடித்து, ஊர் கண்ணில் படாத மேய்ச்சல் காட்டுக்கு என்னை அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சிப் போனவன். தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

ஆன்டிகனி நல்லவ, கிரயோன் கொடுங்கோலன். இதுல புதுசா வாசிக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. மன்னன் கிரயோன் போட்ட தடையை மீறித் தன் சகோதரனின் உடலை அடக்கம் செய்ததற்காக ஆன்டிகனி சாகிறாள், அதுதான் கதை. தத்துவவாதி ஹெகல் அப்போதே இருவரையும் நியாயமுள்ள இரண்டு தரப்பாகத்தான் பார்த்தார், அவள் குடும்பத்தின் தரப்பு, அவன் அரசின் தரப்பு. உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1959-60 கருத்தரங்கில் அந்தச் சமன்பாட்டை விட்டுவிட்டு அவளுடைய ஆசையைப் பேசினார். பெண்ணியச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் 2000இல் கேட்டது இன்னும் கூர்மையானது: இந்தப் பெண் எந்தக் குடும்பத்தின் பிரதிநிதி? அவளுடைய அப்பா ஈடிபஸ் அதே தாய் பெற்ற பிள்ளை, ஆகவே அவளுக்கு அண்ணனும்கூட. உறவுமுறையே குழம்பிப்போன வீட்டிலிருந்து வந்தவளை உறவின் புனிதத்துக்கு அடையாளமாக வைப்பது எப்படி?

சாகப் போகும்போது அவள் பேசும் ஒரு பேச்சு இருக்கிறது, நேரில் படித்தால் தூக்கிவாரிப் போடும். கணவனுக்காகவோ குழந்தைக்காகவோ இருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன், வேறு கணவன் கிடைப்பான், வேறு குழந்தை பிறக்கும், அப்பா அம்மா போன பிறகு இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை என்கிறாள். எல்லாக் காலத்துக்குமான எழுதாத சட்டம் என்று முன்பு சொன்னவள், இப்போது ஒரே ஒருவனுக்கு மட்டும் பொருந்தும் சட்டம் சொல்கிறாள். ஜெர்மன் கவிஞர் கெதே இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்று ஆசைப்பட்டார். ஆனால் அரிஸ்டாட்டிலே இதை மேற்கோள் காட்டியிருக்கிறார், ஆகவே இடைச்செருகலாக இருந்தாலும் மிகப் பழையது. இந்த வரிகளை வெட்டிவிட்டு ஆன்டிகனியைப் புனிதையாக்குவதைவிட, வைத்துக்கொண்டு தடுமாறுவதே மேல்.

பெண்ணிய வாசிப்பு, பின்காலனிய வாசிப்பு எல்லாம் இதுக்குள்ளதான் வருமா?

முழுக்க வராது. அவற்றுக்குத் தனி வரலாறும் தனி அரசியலும் உண்டு, ‘உண்மை என்று ஒன்று இல்லை’ என்று பேசினால் பல பெண்ணியர்கள் சரியாகவே கோபப்படுவார்கள். யார் பேச்சு அமுங்குகிறது என்ற கேள்வியில் மட்டும் எல்லோரும் சந்திக்கிறார்கள்.

ஓர் உதாரணம். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா சாவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மாவிடம் பார்பரி என்று ஒரு பணிப்பெண் இருந்தாள், காதலன் கைவிட்டதால் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே செத்தாள் என்று சொல்லி அந்தப் பாட்டைப் பாடுகிறாள். பார்பரி என்பது அன்று வட ஆப்பிரிக்காவுக்கு வழங்கிய பெயர். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளைப் பற்றி ஷேக்ஸ்பியரில் எதுவும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 2011இல் மேடையேறிய ‘டெஸ்டிமோனா’வில் அந்தப் பெண்ணை இறந்தவர்களின் உலகில் கொண்டுவந்து நிறுத்திப் பேசவைத்தார். நான்கு நூற்றாண்டாக எல்லோரும் அந்தப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டார்கள், பாடியவள் யார் என்று கேட்கவில்லை.

மேடையில இது எப்படி இருக்கும்? ஒண்ணும் புரியாத மாதிரி எடுப்பாங்களே, அதுவா?

சில சமயம் அப்படித்தான் இருக்கும். ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லர் 1977இல் எழுதிய ‘ஹாம்லெட் இயந்திரம்’ சில பக்கங்களே நீளும். “நான் ஹாம்லெட்டாக இருந்தேன்” என்று ஆரம்பிக்கிறது, நடுவில் நடிகன் நான் ஹாம்லெட் இல்லை, இனி நடிக்க மாட்டேன் என்கிறான், ஆசிரியரின் புகைப்படத்தை மேடையிலேயே கிழிக்கச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது. கடைசியில் சக்கர நாற்காலியில் இருக்கும், ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா தன்னை எலக்ட்ரா என்று அறிவிக்கிறாள். ஹாம்லெட்டை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் தைக்கும், தெரியாதவர்களுக்கு வெறும் கூச்சல். இதை மறைத்துப் பயனில்லை.

எல்லாமே அப்படி இல்லை. டாம் ஸ்டாப்பர்டு 1966இல் ஹாம்லெட்டின் இரண்டு சில்லறைப் பாத்திரங்களான ரோஸன்கிரான்ட்ஸையும் கில்டன்ஸ்டர்னையும் நடுவில் வைத்து எழுதிய நாடகத்தை யாரும் ரசிக்கலாம். மூலத்தில் அவர்களைச் சாவுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் என் மனசாட்சியை உறுத்தவில்லை என்கிறான் ஹாம்லெட். அந்த ஒரு வரியை மறக்க முடியாதவர்களுக்கு ஸ்டாப்பர்டின் நாடகம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

மீடியா பிள்ளைங்களைக் கொல்லலைன்னு மாத்தி எழுதினா அது துன்பியலே இல்லையே?

யூரிப்பிடிஸின் நாடகத்தில் தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்க மீடியா தன் பிள்ளைகளையே கொல்கிறாள். அதை மாற்றி ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப் 1996இல் எழுதிய நாவலைத்தான் கேட்கிறீர்கள். ஆறு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள், பிள்ளைகளைக் கொல்வது கொரிந்து மக்கள், பழி மீடியா மேல். இது அவர் இட்டுக்கட்டியது இல்லை. கொரிந்தியர்களே கொன்றதாக ஒரு வழக்கு பழைய உரைக்குறிப்புகளிலேயே இருக்கிறது. கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் மேடையேற்றியது அப்போது இருந்த பல கதைகளில் ஒரு வடிவம், அந்தப் போட்டியில் அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. பிறகு அந்த வடிவமே ‘மூலக்கதை’ ஆகிவிட்டது.

ஆனாலும் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. வோல்ஃபின் மீடியா குற்றமற்றவள், யூரிப்பிடிஸின் மீடியா தெரிந்தே கொல்பவள், என்னை அதிகம் உலுக்குவது இரண்டாமவள்தான். பாத்திரத்தைக் கறையில்லாமல் காப்பாற்றும் மறுவாசிப்புகள் பெரும்பாலும் துன்பியலின் கூர்மையைக் குறைத்துவிடுகின்றன.

இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சா மனசுல வலியே இல்லாம போயிடாதா?

எனக்கு அப்படி ஆகவில்லை. தெய்வ ஒழுங்கில் நம்பிக்கை போன பிறகு துன்பியலே சாத்தியமில்லை என்ற பொருளில் விமர்சகர் ஜார்ஜ் ஸ்டைனர் 1961இல் வாதிட்டார். அது கனமான வாதம், ஆனால் ஆறுதல் இல்லாத இடத்தில் வலி கூடத்தானே செய்யும்? ‘எல்லாம் விதி’ என்பது ஒரு ஆறுதல். அதை எடுத்துவிட்டால், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒருவன் தன் கண்ணைக் குத்திக்கொண்டான் என்பது மிஞ்சுகிறது. லியரின் இரண்டு முடிவுகளும் தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் படிப்பது முன்பைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கட்டுரை எழுதணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

தெரிதாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்களை உறுத்திய ஒரு வரியிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த வரியை முந்தைய விமர்சகர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள், கெதே ஆசைப்பட்டதுபோல வெட்டச் சொன்னார்களா, பார்க்காமல் தாண்டினார்களா என்று. அதன் பிறகு கோட்பாடு தேவைப்பட்டால் தானாக வரும்.

நழுவாம சொல்லுங்க, ஈடிபஸ் கொன்னானா இல்லையா?

கொன்றான் என்றுதான் நான் படிக்கிறேன். ஒற்றை ஆளிடம் தோற்று ஓடி வந்த வேலைக்காரன் வெட்கத்தில் ‘பலர்’ என்று சொல்லியிருப்பான் என்ற பழைய விளக்கம் எனக்கு ஏற்புடையதே. குட்ஹார்ட்டின் வாசிப்பை நான் மதிப்பது அவனை விடுதலை செய்வதற்காக இல்லை, அவன்மீதான குற்றம் எப்படி நிரூபிக்கப்படாமலேயே நிலைபெற்றது என்று காட்டியதற்காக.

ஈடிபஸின் கடைசி நாட்களைச் சொல்லும் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தைச் சோஃபாக்ளிஸ் முதிய வயதில் எழுதினார், அவர் இறந்த பிறகு கி.மு. 401இல்தான் அது மேடையேறியது. அதில் கண்ணில்லாத கிழவன் கிரயோனைப் பார்த்துக் கேட்கிறான்: ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரித்துக்கொண்டு நிற்பாயா, திருப்பி அடிப்பாயா? கொன்றதை அவன் மறுக்கவில்லை, தெரியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் சுத்தமானவன் என்கிறான். முதல் நாடகத்தில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்பை இதில் அவனே திருத்துகிறான். அந்த இரண்டாவது நாடகத்தையும் படித்துவிட்டு வாருங்கள், இந்தக் கேள்வியை அப்போது வேறு மாதிரி கேட்பீர்கள்.